‘வா’வுக்கும் ‘கா’வுக்கும் நடுவே

ஷேர் ஆட்டோவில் போன் அடித்தால் நான் எடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் நம் வீட்டுக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, இறங்கும்போது யோசனையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றும் எடுத்திருக்க மாட்டேன். ஆனால் எண்ணுக்கு முன்னால் எண்பத்தொன்று என்று இருந்தது. ஜப்பான்.

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் ஜப்பானிய மொழி வகுப்பு முடிந்து, நானும் தேவியும் முடிச்சூர் சாலையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தேவி தான் வாங்கிய காலிஃப்ளவரை என் மடியில் வைத்துவிட்டு, கொத்தமல்லிக் கட்டிலிருந்து அழுகிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் முரளிக்கும் தேவியின் கணவன் சரவணனுக்கும் ஜப்பானில் ஒரே தொழிற்சாலையில் வேலை. ஒரே அறை, ஒரே குக்கர். ஞாயிறு மதியம் இருவரும் சேர்ந்து கூப்பிடுவது வழக்கம். ஆனால் இது அவர்கள் எண் இல்லை.

“மோஷி மோஷி,” என்றேன், வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி.

மறுமுனையில் ஒரு பெண். எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார். பெயர் மோரி, தொழிற்சாலை அலுவலகம். அதுவரை புரிந்தது. அப்புறம் “முராரி-சான்” என்றார், “சரவனன்-சான்” என்றார். அவர்கள் நாக்கில் ‘ல’வும் வராது, ‘ள’வும் வராது. அங்கே போனதிலிருந்து என் கணவர் முராரிதான். அதற்கடுத்து வந்த சொல், “ஜிகோ”.

ஜிகோ எனக்குத் தெரியும். முதல் நாள் பாடமே அதுதான். ‘ஜிகோ ஷோகாய்’ என்றால் சுய அறிமுகம். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக இந்தம்மா எதற்கு என்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்கிறார் என்று விழித்தேன். விழித்ததோடு நிற்காமல் என் பெயரையும் ஊரையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவர் குறுக்கே பேசினார். “குருமா” என்றார். கார். “ப்யோஇன்” என்றார். மருத்துவமனை.

அதே ஒலியில் விபத்துக்கும் ஒரு சொல் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. காரும் மருத்துவமனையும் போதுமே.

“அண்ணா, ஓரமா நிறுத்துங்க!”

“இன்னாக்கா, ஸ்டாப்பிங் இன்னும் வர்லியே,” என்று சொல்லிக்கொண்டே டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தார்.

இறங்கி, போனை ஸ்பீக்கரில் போட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா? “ஃபுதாரி வா தைஜோபு தெஸ்க்கா?”

மறுமுனையில் மூச்சை இழுக்கும் சத்தம்.

“முராரி-சான் வா,” என்றார் மோரி. சின்ன இடைவெளி. “தைஜோபு தெஸ்.”

“நல்லா இருக்காங்களாம் தேவி! ஒண்ணும் இல்லையாம்!” அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

தேவி அசையவில்லை. அவள் கையில் இன்னும் கொத்தமல்லி இருந்தது.

“அக்கா,” என்றாள். “‘வா’ன்னாங்களே.”

வந்து, தான்

இந்த ஒற்றை எழுத்து ஒருத்தியை நடுரோட்டில் ஏன் கல்லாக்கியது என்று சொல்ல வேண்டுமானால், உங்களை எங்கள் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

கீழே மொபைல் கவர் விற்கும் கடை. பக்கவாட்டில் ஒரு குறுகலான படி. மேலே எங்கள் வகுப்பு. ஜன்னல் வழியாக ஸ்டேஷன் அறிவிப்பு உள்ளே வரும். செங்கல்பட்டு வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்லி முடிக்கும்வரை ஹரிணி மிஸ் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

ஹரிணி என்னைவிட எவ்வளவோ சின்னவள். காட்டாங்குளத்தூரில் பொறியியல் படித்து, ஜப்பானில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். என்னை அவள் “அக்கா” என்பாள், நான் அவளை “மிஸ்” என்பேன். நானே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால், பெஞ்சில் உட்கார்ந்து திட்டு வாங்குவது எனக்குப் புது அனுபவமாக இருந்தது.

ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் குட்டிக் குட்டி இடைச்சொற்கள் உண்டு. அவற்றில் இரண்டு உயிரை வாங்கும். ஒன்று ‘வா’. இன்னொன்று ‘கா’. கணபதியில் வரும் ‘க’வை நீட்டினால் அந்த ஒலி. இரண்டுமே எழுவாயின் பக்கத்தில் வந்து உட்காரும். எப்போது எதை உட்கார வைப்பது என்பதில்தான் தகராறு.

“அக்கா, ரொம்ப சிம்பிள்,” என்றாள் ஹரிணி. “‘வதாஷி வா தேவி தெஸ்.’ அப்படின்னா, ‘நான் வந்து… தேவி.’ நாம ‘வந்து, வந்து’ன்னு இழுப்போம்ல, அதான் ‘வா’. யாரோ புதுசா பார்க்கறாங்க, நம்மளப் பத்திச் சொல்றோம். ஆனா இங்க தேவி யாருன்னு ஒருத்தர் தேடிட்டு வராங்கன்னு வைங்க. அப்ப ‘வதாஷி கா தேவி தெஸ்.’ ‘நான்தான் தேவி.’ ‘வா’ன்னா வந்து, ‘கா’ன்னா தான். முடிஞ்சுது.”

எனக்கு அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உலகத்தில் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயம் தமிழில் ‘வந்து’ என்று உட்கார்ந்திருக்கிறதே! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காதில் விழுந்த தமிழை ‘வா’, ‘கா’ என்று பிரித்துக்கொண்டே போனேன்.

அந்தச் சந்தோஷம் அடுத்த வகுப்பு வரைக்கும்தான். மழை பெய்கிறது என்று சொல்ல ஹரிணி ‘கா’ போட்டாள்.

“மிஸ், மழைதான் பெய்யுதுன்னா, வேற என்ன பெய்யும்?” என்று கேட்டாள் தேவி. வகுப்பே சிரித்தது.

“புதுசா கண்ணுல படறதுக்கும் ‘கா’ தேவி. ஜன்னலத் திறக்கறீங்க, அட, மழை. அந்த ‘அட’தான் அது.”

தேவிக்கு அலுப்பு வந்துவிட்டது. சொற்களை மனப்பாடம் செய்வதில் அவளை யாரும் நெருங்க முடியாது. சமையலறையில் அரிசி டப்பாவிலிருந்து இடுக்கி வரைக்கும் ஜப்பானியப் பெயர் எழுதி ஒட்டி வைத்திருப்பாள். வா, கா என்றால் மட்டும் கை போன போக்கில் போடுவாள். விடைத்தாள் முழுக்கச் சிவப்பு வட்டம்.

“எதப் போட்டா என்னக்கா, புரிஞ்சா சரி. இந்திக்காரங்க வந்து நம்மகிட்ட தமிழ் பேசறாங்க. நமக்குப் புரியாமலா போவுது?” என்பாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

குக்கரோடு வந்தவள்

எங்கள் குடியிருப்பில் நாங்கள் முதல் மாடி, அவர்கள் தரைத்தளம். வருடக்கணக்காக லிஃப்ட் வாசலில் தலையசைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான். தேவியை நான் சரியாகப் பார்த்தது பெருவெள்ளத்தின்போது.

முடிச்சூரில் தண்ணீர் ஏறிய அந்தக் காலையில் எங்கள் கதவைத் தட்டினாள். இடுப்பு வரை நனைந்திருந்தாள். தலையில் பிரஷர் குக்கர். நகை எடுத்தாயா, சர்டிஃபிகேட் எடுத்தாயா என்று நான் பதறினால், “குக்கர் இருக்குக்கா, ரெகுலேட்டரும் எடுத்துட்டேன்,” என்றாள். பின்னாலேயே சரவணன், தோளில் காஸ் சிலிண்டரைச் சுமந்துகொண்டு படியேறினான். அத்தனை தண்ணீரிலும் அவனுக்கு மூச்சு வாங்கவில்லை.

வெள்ளம் வடியும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். என் கணவர் அவனைத் ‘தம்பி’ என்று கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான். பிறகு ஒரகடத்தில் தான் வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ஜப்பானில் இருக்கும் தாய்க் கம்பெனிக்கு ஆள் எடுத்தபோது, “அண்ணா போனா நானும் போறேன்,” என்று சரவணனும் பெயர் கொடுத்தான்.

குடும்பத்தைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பொங்கல் கழிந்து தேவி போவதாக ஏற்பாடு. விசாகூட வந்துவிட்டது. மகள் பிளஸ் டூ முடிக்கட்டும் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். மொழியை மட்டும் சேர்ந்தே கற்றுக்கொள்வோம் என்று வகுப்பில் சேர்ந்தோம்.

சாம்பார் வா

விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு, ‘வா’வுக்கு இன்னொரு முகம் இருக்கிறது என்றாள் ஹரிணி.

“ஒருத்தர் வீட்டுக்குச் சாப்பிடப் போறீங்க. சாம்பார், பொரியல், ரசம் எல்லாம் வெச்சிருக்காங்க. எப்படி இருக்குன்னு கேட்கறாங்க. நீங்க ‘சாம்பார் வா ஓய்ஷீ தெஸ்’னு சொன்னா என்ன ஆகும்?”

“சாம்பார் நல்லாருக்குன்னு ஆகும் மிஸ்,” என்றான் ஒரு கல்லூரி மாணவன்.

“இல்ல. ‘சாம்பார்… நல்லாருக்கு’ன்னு ஆகும்.” நடுவில் ஒரு இழுப்பு இழுத்தாள். “மத்ததெல்லாம் வாயில வைக்க முடியலன்னு அர்த்தம். நீங்க வாயால சொல்லல. ஆனா சொல்லிட்டீங்க. ஜப்பான்காரங்க கெட்ட விஷயத்த நேராச் சொல்ல மாட்டாங்க. நல்ல விஷயத்துக்குப் பின்னாடி ஒரு ‘வா’ போட்டுட்டு நிறுத்திடுவாங்க. மீதிய நாமதான் புரிஞ்சுக்கணும்.”

தேவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இலக்கணத்தில் அவளுக்குப் பிடித்த ஒரே பாடம் அதுதான். அடுத்த வாரம் நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைத் தின்றுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “ஊறுகா வா ஓய்ஷீ தெஸ்,” என்றாள். அப்புறம் எங்களுக்கு அதுவே விளையாட்டு ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவைப் பற்றிக் கேட்டால், “மைக் செட் வா நல்லா இருந்துச்சு,” என்பேன். வீடியோ அழைப்பில் சரவணனும் சேர்ந்துகொண்டான். “அண்ணா சமையல்ல, சோறு வா சூப்பர் அண்ணி!” பின்னாலிருந்து என் கணவர் கரண்டியைக் காட்டுவார்.

ஹார்டுவேர் கடை வாசலில் தேவியின் காதில் விழுந்தது அந்த ‘வா’தான்.

முடிச்சூர் சாலையில்

“என்னடி சொல்ற? நல்லா இருக்காங்கன்னுதானே சொன்னாங்க?” என்றேன். சொல்லும்போதே எனக்கும் உறைத்துவிட்டது. நான் கேட்டது இரண்டு பேரைப் பற்றி. பதில் வந்தது ஒருவரைப் பற்றி. முரளி… நன்றாக இருக்கிறார்.

என் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதை எப்படி இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

தேவி என் கையிலிருந்து போனை வாங்கினாள். பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் வாங்கினாள். வாய்க்கு நேராக வைத்துக்கொண்டாள்.

“வதாஷி கா,” என்றாள். “சரவணன் நோ ட்சுமா தெஸ்.”

நான்தான் சரவணனின் மனைவி.

எத்தனையோ சிவப்பு வட்டம் வாங்கியவள். அந்த இடத்தில் ‘கா’ தவிர வேறு எதுவும் வரக்கூடாது. யோசிக்காமல் வந்து விழுந்தது.

மறுமுனையில், “ஆ…” என்றார் மோரி. அவ்வளவு நேரமும் தான் பேசியது வேறு ஒருத்தியிடம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். குரல் தாழ்ந்துவிட்டது. சரவணன் இப்போது என்று தொடங்கி ஒரு நீளமான சொல்லைச் சொன்னார். எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பச் சொன்னார். பிறகு தேடிப்பிடித்து, “ஆபரேஷன்,” என்றார். “அஷி.”

“அஷி,” என்று தேவி திருப்பிச் சொன்னாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். “கால்க்கா. கால்ல ஆபரேஷன் பண்றாங்க. உயிரு இருக்கு.”

“இருக்குடி, இருக்கு. ஒண்ணும் ஆகாது.”

அவள் என்னைக் கவனிக்கவில்லை. எதையோ வாக்கியமாகக் கோக்கத் தவித்துக்கொண்டிருந்தாள். சரவணனுக்கு அங்கே லைசென்ஸ் கிடையாது. அவன் திருட்டுத்தனமாக ஓட்டித் தொலைத்தானோ என்றுதான் பயந்ததாகப் பிறகு சொன்னாள்.

“குருமா…” என்றாள் தேவி. கார். “தாரே கா?” யார்?

தொடர்பு போய்விட்டதோ என்று நான் திரையை எட்டிப் பார்த்தேன். ஒரு சிமென்ட் லாரி எங்களை உரசிக்கொண்டு போனது. தூசி அடங்கும்போது மோரியின் குரல் கேட்டது.

“முராரி-சான் கா,” என்றார். “முராரி-சான் கா, உந்தேன் ஷிதே இமாஷிதா.”

மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. உந்தேன்ஷு என்றால் டிரைவர் என்று பேருந்துப் பாடத்தில் படித்திருந்தோம். முரளி. அவர்தான். அவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

தேவி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். ஒரு சின்னக் குழந்தை, அடித்தது யார் என்று நம்ப முடியாமல் பார்க்குமே, அப்படி ஒரு பார்வை.

“அண்ணாவா? அண்ணாவா ஓட்டுனாங்க?”

நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் போனை என் கையில் வைத்தாள். “நீங்க பேசுங்கக்கா. எனக்கு இதுக்கு மேல புரியாது.”

ஆட்டோவில் இருந்த ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “அக்கா, இன்னான்னு நான் கேக்கல. உள்ள ஏறு. நேரா வூட்டாண்ட வுட்டுடறேன். இவங்கள்லாம் அப்பால எறங்கிக்குவாங்க,” என்றார். தேவி ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். வரும்போது என் பக்கத்தில் இருந்தவள். அவளுடைய காலிஃப்ளவர் என் மடியிலேயே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

கறிவேப்பிலை

சாயங்காலம், யாரோ ஒருவருடைய போனிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். அவருடைய போன் நொறுங்கிவிட்டது. நெற்றியில் ஒரு கட்டு, வேறு ஒன்றும் இல்லை. அதைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“பக்கத்து டவுன்ல ஒரு இந்தியன் கடை. கறிவேப்பிலை வந்திருக்குன்னாங்க. சரவணன் தூங்கணும்னான். நான்தான் எழுப்பிக் கூட்டிட்டுப் போனேன். பாலத்து மேல வண்டி தானா திரும்பிடுச்சு. நான் பிரேக்க மிதிச்சேன், அது பாட்டுக்குப் போவுது. அவன் பக்கம் போய்க் கம்பத்துல…”

கறிவேப்பிலை. எங்கள் குடியிருப்பு வாசலில், யார் வேண்டுமானாலும் கிள்ளிக்கொள்ளும் மரம் நிற்கிறது. நான் ஜன்னலருகே நின்று அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே அவர் அழுவதைக் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை.

“தேவிகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?” என்றார்.

“அவளுக்குத் தெரியும்.”

“நான் ஓட்டுனதா?”

“ம்.”

“யாரு சொன்னா?”

“மோரி.”

“எப்படிச் சொன்னாங்க? பனின்னு சொன்னாங்களா? வழுக்குச்சுன்னு சொன்னாங்களா?”

அந்த ஒரு ‘கா’வை அவருக்கு எப்படிச் சொல்வது? “சொன்னாங்க,” என்று மட்டும் சொன்னேன்.

சரவணனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. பாலத்துச் சாலையில் கண்ணுக்கே தெரியாமல் உறைந்திருந்த பனிப்படலம் அது, யார் ஓட்டியிருந்தாலும் வழுக்கியிருக்கும் என்று அங்கத்துப் போலீஸ் சொல்லிவிட்டது. யார் மீதும் குற்றமில்லை. அந்தச் செய்தியை நான் தரைத்தளத்துக்கு இறங்கிப் போய்ச் சொன்னேன். தேவி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பொங்கல் கழிந்து போக வேண்டியவள், பொங்கலுக்கு முன்பே கிளம்பினாள்.

“சரிக்கா,” என்றாள். சமையலறையில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் வகுப்புக்குத் தனியாகப் போய், ஹரிணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் சாம்பார்னு சொல்லிக் கொடுத்தேனேக்கா,” என்றாள். அதையே திரும்பவும் சொன்னாள். அன்று வகுப்பு நடக்கவில்லை.

திரிசூலம் எதிரில்

என் கணவர் சில மாதங்களில் ஜப்பான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். அங்கே இருந்தவரை தினமும் ஷிஃப்ட் முடிந்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். சரவணன் அவரோடு சீட்டு விளையாடுவானாம். தேவி அந்த நேரத்தில் துணி துவைக்கப் போய்விடுவாளாம். இங்கே திரும்பி வந்தபின் அவர் ஸ்கூட்டரைக்கூடத் தொடவில்லை. ஒரகடத்தில் பழைய வேலைக்கே திரும்பி, கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார்.

சரவணனுக்குத் தொழிற்சாலையிலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். தேவி ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு எப்போதாவது வாட்ஸ்அப்பில் பூ படம் வரும். பேச்சு கிடையாது.

போன பொங்கலுக்கு அவர்கள் முதல் முறையாக விடுமுறையில் வந்தார்கள். சரவணன் குடியிருப்பிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்த தன் பழைய காரை, ஒரு ஆக்டிங் டிரைவரைப் போட்டு எடுத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் விமான நிலையத்துக்குப் போனோம்.

சரவணன் நடந்தே வெளியே வந்தான். பேன்ட் போட்டிருந்ததால் செயற்கைக் கால் தெரியவில்லை. அடி வைக்கும்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தான், அவ்வளவுதான். என் கணவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அவர் எலும்பே இல்லாதவர் போல நின்றார். தேவி முடியைக் கத்தரித்திருந்தாள். என்னைப் பார்த்து, தன்னை அறியாமல் ஜப்பானியர் மாதிரி லேசாகக் குனிந்தாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வண்டி வந்து நின்றதும் சரவணன் டிரைவரிடம் போனான்.

“தம்பி, நீ ட்ரெயின்ல போய்க்கோப்பா. எதுத்தாப்புலதான் திரிசூலம் ஸ்டேஷன்.”

“இன்னா சார், தாம்பரம் வரிக்கும் பேசிக்கினுதான வந்தேன்?”

“உன் பேட்டாவுல ஒண்ணும் குறையாது. சாவியக் குடு.”

வாங்கிய சாவியை என் கணவரிடம் நீட்டினான். “அண்ணா, எடுங்க.”

“டேய், வேண்டாம்டா. எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு.”

“எடுங்கண்ணா. ஹாரன் அடிக்கறான் பாருங்க பின்னாடி.”

உண்மையிலேயே பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஏறி உட்கார்ந்தார். சரவணன் சுற்றிக்கொண்டு போய் முன் கதவைத் திறந்தான். இடது பக்கம், அவருக்குப் பக்கத்து சீட். கையால் காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டான். அன்று ஜப்பானிலும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பின் சீட்டில் நானும் தேவியும் ஏறினோம்.

வண்டி உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தபோது என் கணவரின் பின்கழுத்தில் வேர்வை ஓடுவது தெரிந்தது. சரவணன் ஜப்பானில் முள்ளங்கி விலை என்ன என்று ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தான். நான் அழுதுவிட்டேன். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். தேவியின் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. என் காதருகில் குனிந்து, முன் சீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“அவரு மனசுலேருந்து விட்டுட்டாருக்கா. என்னால முடியல. ஏதோ சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

நான் அவளையே பார்த்தேன். அவள் என் கணவரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங்கில் அவை எப்படித் திரும்புகின்றன என்று ஒரு நொடியும் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

பிறகு என் பக்கம் சாய்ந்து, எனக்குக் குறுக்கே கையை நீட்டி, தோளுக்கு மேலிருந்த சீட் பெல்ட்டை இழுத்தாள். நம் ஊரில் பின் சீட்டில் யார் அதைப் போடுகிறார்கள்? அதை மாட்டும் இடம் சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடந்தது. விரலைவிட்டுத் துழாவி எடுத்தாள்.

“பின்னாடி உட்கார்ந்தாலும் போடணும்க்கா,” என்றாள்.

க்ளிக்கென்று மாட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்து, நன்றாக மாட்டியிருக்கிறது என்று தெரிந்தபின்தான் தன்னுடையதைப் போட்டுக்கொண்டாள்.